பலர் கூடி ஆடும் ஆட்டத்தில் எளிமையும் அருமையும்

தொல்காப்பியர் உரியியலில் விளையாட்டு என்னும் பொருளுக்குக் கெடவரல், பண்ணை என்னும் இரு சொற்களை ஓதுகின்றார். மெய்ப்பாட்டியலில் உவகை தோன்றும் நிலைக்களன்களை வகுக்குமிடத்துச் செல்வம், புலன், புணர்வு என்பவற்றோடு விளையாட்டையும் சேர்த்து நான்காக்குகின்றார். அவ்விரு சொற்களுள் கெடவரல் வழக்கு வீழ்ந்தது. பண்ணை என்பதோ வயல், தொகுதி, மகளிர் கூட்டம் எனப் பல பொருள் பெற்று இன்றளவும் வழங்குகின்றது. ஆட்டத்தைக் குறிக்கும் சொல்லே கூட்டத்தையும் குறித்து நிற்றல் நம் ஆய்வுக்கு நல்ல தொடக்கமாகும். பலர் கூடியவிடத்து ஆட்டம் உண்டு. ஆனால் கூடிய பலரும் ஒரு தன்மையர் அல்லர். ஒருவன் ஒரு நாழிகை இருந்து மகிழ்ந்து போக வந்தவன். மற்றொருவன் அவ்வாட்டத்தையே தன் வாழ்வின் பெரும்பகுதியாகக் கொண்டவன். இவ்விருவரையும் ஒரே களத்தில் நிறுத்தி இருவருக்கும் குறைவின்றி ஆட்டம் அமைப்பது எங்ஙனம்? இவ்வினா இன்று கணிப்பொறி வலையில் நிகழும் வேட ஆட்டங்களைப் பற்றி மிகுதியாக எழுப்பப்படுகின்றது. ஆயினும் வினா புதிதன்று. தமிழ் நிலத்துக் கூத்து மரபு இதனை நெடுங்காலமாகத் தன் போக்கில் எதிர்கொண்டு வந்திருக்கின்றது என்பதே நாம் ஈண்டு காட்ட விரும்புவது.

இணையவழி வேட ஆட்டம் இன்னது என முதற்கண் தெளிதல் நன்று. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு வேடத்தை மேற்கொள்வர். அவ்வேடம் மறவனாகலாம், மருத்துவனாகலாம், மந்திரம் வல்லவனாகலாம். உலகின் பல மூலைகளில் தத்தம் இல்லத்திருக்கும் பல்லாயிரவர் ஒரே கற்பனை நாட்டினுள் ஒருங்கே நடமாடுவர். இங்கிலாந்தில் எசெக்சுப் பல்கலைக்கழகத்தில் இராய் திரப்சா என்பவர் 1978-இல் தொடங்கிப் பின் ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்த 'மட்' என்னும் ஆட்டம் இவ்வகைக்கு முன்னோடி. அதில் படம் ஒன்றும் இல்லை, யாவும் எழுத்தே. சொல்லால் மட்டும் சமைத்த உலகில் மக்கள் இரவெல்லாம் உலாவினர் என்பது தமிழ் பயில்வார்க்கு வியப்பாக இராது. பார்ட்டில் 1996-இல் எழுதிய கட்டுரையில் ஆடுவோரைச் சீட்டுக்கட்டின் நான்கு வகை போலப் பகுத்தார்: வெற்றி நாடுவோர், புதுமை தேடுவோர், பிறரோடு அளவளாவ வருவோர், பிறரை அடர்த்து மகிழ்வோர். இப்பகுப்பினும் சிறந்தது அவர் கண்ட உறவு முறை. அடர்ப்போர் மிக்கால் வெற்றி நாடுவோரும் அளவளாவுவோரும் குறைவர். ஒரு வகையின் தொகை ஏனை வகைகளின் தொகையைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் என்றார். ஆகவே ஓர் ஆட்டத்தில் ஒருவகையாரை மட்டும் தனியே பேணுதல் இயலாது.

ஆடுவோரிடைப் பெரும் பிரிவினை ஒன்று உண்டு. வாய்த்தபோது வந்து ஆடிப் போவாரை 'வந்துபோவார்' என்றும், நாளும் தவறாது ஊன்றி ஆடுவாரை 'ஊன்றியார்' என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். இருவரிடையே உள்ள வேற்றுமை திறமையினும் பொழுதைப் பற்றியது. இருபது மணி நேரம் ஆடுதற்குரிய ஒரு புதுப்பகுதியைப் படைப்போர் வெளியிடுவதாகக் கொள்வோம். கிழமைக்கு முப்பது மணி ஆடும் ஊன்றியார் அதனை ஐந்து நாளில் முடித்து அடுத்தது எங்கே என்பர். கிழமைக்கு மூன்று மணி ஆடும் வந்துபோவார்க்கு அது ஏழு கிழமைக்கு நீளும். படைப்பதற்கோ திங்கள் பல ஆகும். இக்கணக்கை எந்தப் படைப்பாளரும் வென்றதில்லை. ஊன்றியாரை நிறுத்தி வைக்க ஆட்டத்தைக் கடிதாக்கினால் வந்துபோவார் வாயிலிலேயே திரும்புவர். எளிதாக்கினாலோ ஊன்றியார் வேறிடம் நாடுவர்; அவர் போனபின் வழிகாட்டுவார் இன்றி ஏனையோரும் கலைவர்.

இச்சிக்கலின் எளிய வடிவத்தைக் கண்ணாற் காண விரும்புவார் கோவளம் கடற்கரைக்குச் செல்லலாம். சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட இம்மீனவர் ஊர், ஆர்க்காட்டு நவாபு காலத்தில் துறைமுகமாக விளங்கியது. 1752-இல் கிளைவு இதன் கோட்டையைக் கைப்பற்றினான். இன்று இவ்வூரைப் பலரும் அறிவது அலைச்சறுக்கால். இவ்வூர் மீனவர் மூர்த்தி மேகவன் முன்னின்று வளர்த்த பயிற்சிப் பள்ளியும், 2013-இல் தொடங்கிய அலைச்சறுக்கு விழாவும் அதற்குக் காரணங்கள். விடுமுறை நாளில் நகரிலிருந்து வந்து முதன்முறை பலகையைத் தொடுவாரும், அலையோடு பிறந்து வளர்ந்த குப்பத்து இளைஞரும் ஒரே நீரில் இறங்குகின்றனர். இருவர்க்கும் இடம் தருவது கடலின் இயல்பே. ஓர் அலை தன் உயரத்தைவிடச் சிறிதே மிக்க ஆழமுள்ள இடத்தை எட்டும்போது உடைகின்றது. உடையும் முன் அதன் சரிவு வல்லார்க்கு உரியது. உடைந்தபின் நுரையாய்க் கரை நோக்கி உருளும் பகுதி இடுப்பளவு நீரில் நிற்கும் புதியவர்க்கு உரியது. ஒரே அலைதான், வல்லார் ஏறியதன் எச்சத்தையே புதியவர் ஏறுகின்றனர். உடையும் முகட்டுக்கு அணுக்கமாக உள்ளவர்க்கே அலை உரியது, மற்றவர் குறுக்கே பாயலாகாது என்னும் ஒழுங்கும் உலகெங்கும் அலைச்சறுக்குவோரிடை உண்டு. அறியாது குறுக்கிட்ட புதியவருக்கு வல்லார் கூறும் சொற்கள் மெய்ப்பாட்டியலில் வெகுளிக்கு எடுத்துக்காட்டத் தக்கவை.

கடலுக்கு இயல்பாக வாய்த்த இவ்வமைப்பைக் கணிப்பொறி உலகு செய்துகொள்ள வேண்டியிருந்தது. முதலிற் கையாண்ட வழி நாட்டை இரண்டாக்குவது. 1997-இல் வெளிவந்த 'அல்டிமா ஆன்லைன்' ஆட்டத்தில் எவரும் எவரையும் கொன்று பொருளைக் கவரலாம், புதியவர் துன்புற்றனர். 2000-இல் அதன் உலகை இரட்டித்து, ஒன்றில் கொலையைத் தடுத்தும் மற்றொன்றில் விடுத்தும் அமைத்தனர். பெரும்பாலோர் காவலுள்ள உலகிற் குடியேறினர். அச்சம் நீங்கியது, ஆயினும் அச்சத்தால் விளைந்திருந்த துணையும் ஒப்பந்தமும் தளர்ந்தன என்று பழைய ஆட்டக்காரர் இன்றும் வருந்துவர். வல்லாரும் மெல்லாரும் ஒருவரை ஒருவர் காணாத இடத்தில் சமன்பாடு வேண்டப்படுவதே இல்லை. நோயைத் தீர்த்தல் வேறு, நோயாளியை அப்புறப்படுத்தல் வேறு.

இரண்டாம் வழி, உயரத்தைக் குறைப்பது. இதற்கு 2004 நவம்பரில் வெளிவந்த 'வேர்ல்டு ஆப் வார்கிராப்ட்' வரலாறே சான்று. அதில் நாற்பதின்மர் ஒருங்கிணைந்து அரக்கரை எதிர்க்கும் பெரும்போரை ஆட்டக்காரர் 'ரெய்டு' என்பர். நாற்பதின்மரையும் ஒரே இரவில் ஒரே வேளையில் கூட்டுவதே ஒரு படைத்தலைமை. 2006-இல் வந்த 'நக்சுராமாசு' என்னும் கோட்டையின் உள்ளே புகுந்தாரே மிகச் சிலர். எண்ணற்ற கலைஞர் உழைத்துச் செய்த அரண்மனையைப் பெரும்பாலோர் கண்டிலர். 2007-இல் நாற்பது இருபத்தைந்தாயிற்று. 2008-இல் பதின்மராகவும் புகலாம் என்றாயிற்று. அதே கோட்டை அவ்வாண்டில் எளிய வடிவில் மீண்டும் வைக்கப்பட்டது. 2010 அக்டோபரில் கட்டணம் செலுத்துவோர் ஒரு கோடியே இருபது இலட்சத்தை எட்டினர். அவ்வாண்டு டிசம்பரில் வந்த புதுப்பகுதியில் நிலவறைப் போர்களைப் படைப்போர் மீண்டும் கடிதாக்கினர். 2011 நவம்பருக்குள் தொகை ஒரு கோடியே மூன்று இலட்சமாக இறங்கிற்று. காரணம் அது ஒன்றே எனல் பொருந்தாது. ஆயினும் அந்நவம்பரிலேயே, முன்பின் அறியாதாரைக் கணிப்பொறியே ஒன்றுகூட்டி எளிய பெரும்போருக்கு அனுப்பும் 'ரெய்டு பைண்டர்' புகுத்தப்பட்டது.

இம்முறையால் அனைவரும் அரண்மனையைக் கண்டனர். ஆனால் கூடிய இருபத்தைவரும் ஒருவர் பெயரை ஒருவர் அறியாது வந்து, ஒரு சொல்லும் பேசாது பிரிந்தனர். முன்பு ஒருவனை நாற்பதின்மர் குழாம் ஏற்பதற்கு அவன் நற்பெயர் வேண்டும். நற்பெயருக்குப் பழக்கம் வேண்டும். பழக்கத்துக்குப் பொழுது வேண்டும். இடையிலுள்ள படிகளை நீக்கியபோது படிகளில் நிகழ்ந்த அளவளாவலும் நீங்கிற்று. பார்ட்டில் கூறிய நால்வகையாருள் மூன்றாமவர் இதனால் இழப்புற்றனர் என்பது நம் கருத்து. 2019-இல் அதே நிறுவனம் தன் பழைய கடிய வடிவத்தை மீண்டும் வெளியிட்டபோது மக்கள் வாயிலில் வரிசையிட்டு நின்றதற்கு ஏக்கம் மட்டும் காரணமாகாது.

உலகைப் பிரித்தலும் உயரத்தைக் குறைத்தலும் ஆகிய இவ்விரு வழியிலும் செல்லாத ஓர் அமைப்பைத் தொண்டை நாட்டுப் பாரதக் கூத்தில் காண்கிறோம். செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை வட்டாரத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் நிகழும் பாரத விழாவில் பகற்பொழுதில் வில்லிபாரதத்தைத் தழுவிய விரிவுரையும், இரவில் தெருக்கூத்தும், இறுதியில் படுகளமும் தீமிதியும் நடைபெறும். நாள் தொகை ஊர்தோறும் வேறுபடும். கூத்தின் ஓர் இரவு தன்னளவில் முழுமை உடையது. துகிலுரிதல் ஓர் இரவு, கர்ண மோட்சம் ஓர் இரவு. ஒருநாள் மட்டும் வந்த உறவினர்க்கும் தொடக்கமும் முடிவும் உண்டு. எல்லா இரவும் இருந்தவர்க்குப் பாரதம் முழுதும் உண்டு. நடுவிற் கண்ணயர்ந்து எழுந்தாரையும் கூத்து கைவிடுவதில்லை. கட்டியங்காரன் இருக்கின்றானே! திரைக்குப் பின்னின்று வெளிப்படும் வேந்தனை நீ யார், எந்த நாடு, எதற்கு வந்தாய் என்று அவன் வினவுவது அறியாமையால் அன்று. அவ்வினாவால் இப்பொழுதுதான் வந்து அமர்ந்தவர் கதையைப் பற்றிக்கொள்கின்றார். இடையிடையே அவன் ஊர்ப்பேச்சிற் கூறும் நகைமொழி சிறுவர்க்கும் ஆகும். அதே வேளையில் பாட்டின் நுட்பமும் அடவின் செப்பமும் அறிந்த முதியோர் முன்வரிசையில் குறை காண அமர்ந்திருப்பர். காப்புக் கட்டி நோன்பிருந்து தீமிதிப்போர் இவர்க்கும் மேற்பட்டவர். விழாவின் ஊன்றியார் அவரே.

இவ்விழாவில் நம் ஆராய்ச்சிக்கு உயிர்நிலையாவது அர்ச்சுனன் தபசு. பாசுபதம் வேண்டித் தவம் புரியச் செல்லும் அர்ச்சுனன் வேடத்தார், திறந்த வெளியில் நடப்பட்ட நெடிய தபசு மரத்தில் படி படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். நோன்பிருந்து ஏறுதல் மரபு. உச்சியை அடைதல் ஒருவர்க்கே உரியது. கீழுள்ள ஆயிரவருள் எவரும் தமக்கும் ஓர் எளிய மரம் நடுக என்று கேட்பதில்லை. ஏனெனில் உச்சியிலிருந்து எலுமிச்சையும் வில்வமும் கீழே எறியப்படும். மகப்பேறு வேண்டும் மகளிர் முந்தானையை ஏந்தி நிற்பர். ஏறினவரின் அருமை குறையாமலே அதன் பயன் நிலத்துக்கு இறங்குகின்றது. கீழ்நிற்போரும் வெறுங் காட்சியாளர் அல்லர். மரம் கொணர்ந்தார், குழி தோண்டினார், கூத்தர்க்குச் சோறிட்டார், வரி கொடுத்தார் எல்லாரும் அக்கூட்டத்தில் உள்ளனர். மரத்தின் உயரம் ஊரின் உயரம்.

கோவளத்திற்குத் தெற்கே மாமல்லபுரத்துப் பாறையில் பல்லவர் செதுக்கிய தவக்காட்சியையும் ஈண்டு நினைக்கலாம். அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அதனுள் நாம் புகவில்லை. அறிஞர் அவ்வழக்கிட்டுக் கொண்டிருக்கையில் சிறுவர் யானைக் குட்டிகளையும், பின்னங்காலில் நின்று தவசியைப் போல் நடிக்கும் பூனையையும் கண்டு மகிழ்கின்றனர். ஒரே பாறை இருவரையும் நிறைவு செய்கின்றது. தவமின்றிப் பயன் நாடுவாரையும் சிற்பி விட்டுவைக்கவில்லை என்பதற்குப் பூனையே சான்று.

தபசு மரத்தை ஒத்த நிகழ்ச்சி ஒன்று முற்கூறிய வார்கிராப்ட் ஆட்டத்திலும் ஒருமுறை வாய்த்தது. 2006 சனவரியில் 'ஆன்கிராச்' என்னும் பாலைநிலக் கோட்டையின் வாயில் திறத்தற்கு இருவகைப் பணிகள் விதிக்கப்பட்டன. ஒன்று, ஒரு சர்வரில் உள்ளார் அனைவரும் திரட்ட வேண்டிய போர்ச் சரக்கு: செம்புக் கட்டி, தகரக் கட்டி, மூலிகை, தோல், புண்கட்டும் துணி, சுட்ட இறைச்சி, சமைத்த மீன். துணிக்கட்டில் எளியது சணல் நூலால் ஆவது. ஆட்டம் தொடங்கிய சில நாளிலேயே எவரும் செய்யத்தக்கது. மற்றொன்று, செங்கோல் ஒன்றன் உடைந்த துண்டுகளைத் தேடி ஒன்றாக்கும் நெடும்பணி. நாற்பதின்மர் குழாம் பல கிழமை உழைத்துத் தம்முள் ஒருவர்க்காக அதனை முடித்தல் வேண்டும். சரக்கு நிரம்பாதவரை செங்கோல் பயன்படாது. செங்கோல் இன்றேல் சரக்கு வாளா கிடக்கும். இரண்டும் நிறைந்தபின், செங்கோல் உடையார் வாயிற்கண் உள்ள பெருமணியை அறைந்தார். வாயில் திறந்தது, வண்டுப் படைகள் நாடெங்கும் பரவின, பத்து மணி நேரப் போர் மூண்டது. புதியவரும் பழையவரும் ஒரே வெளியில் குழுமியதால் சர்வர் தாங்காது வீழ்ந்ததும் உண்டு. மணியடித்தார்க்குப் பட்டப்பெயரும் கரிய வண்டூர்தியும் கிடைத்தன. துணிக்கட்டுத் தந்தாரோ, அது தம் சர்வரில் நிகழ்ந்தது என்பர்.

ஒரு சர்வர் ஓர் ஊர் ஆயிற்று. மணியடிக்கும் பேறு மிகச் சிலர்க்கே எனினும் எவரும் அதனை முறையற்றது என்னவில்லை. குறையும் உண்டு: இது ஒருமுறையே நிகழத்தக்கது. கூத்தோ ஆண்டுதோறும் நிகழ்வது. கதை முன்பே தெரிந்திருந்தும் மக்கள் வருகின்றனர். புதுப்பகுதி எப்பொழுது வரும் என்று நெருக்கும் ஊன்றியாரைக் கண்டு அஞ்சும் படைப்பாளர், முடிவு தெரிந்த கதையை மீண்டும் மீண்டும் ஆடிச் சலியாத ஒரு மக்கட்கூட்டத்தை ஆராய்ந்தால் பயன்பெறுவர்.

ஒப்புநோக்கத்தக்க சிறு உத்திகள் இரண்டைச் சுருங்கக் கூறுவோம். வார்கிராப்ட் சோதனைப் பருவத்தில், நெடுநேரம் ஆடுவோர்க்குப் பெறும் பயன் பாதியாகக் குறையும் என்று விதித்தனர், ஆட்டக்காரர் கொதித்தெழுந்தனர். படைப்போர் கணக்கை ஏறக்குறைய அவ்வாறே விட்டுச் சொல்லை மாற்றினர்: ஓய்ந்து வருவோர்க்கு இருமடங்கு, பின்னர் இயல்பான அளவு என்றனர். மக்கள் வாழ்த்தினர். விடுதியில் எட்டு மணி நேரம் ஓய்ந்த வேடத்துக்கு ஒரு படிநிலையின் இருபதில் ஒரு பங்களவுக்கு இச்சலுகை சேரும். சொல்லின் ஆற்றலை ஐயுறுவார்க்கு இதனைக் காட்டலாம். மற்றது, 2013-இல் புத்துருப் பெற்ற 'பைனல் பேண்டசி 14' ஆட்டத்தில் உள்ளது. அதில் உயர்நிலையார் பழைய நிலவறைக்குப் புதியவரோடு மீளச் செல்லின் அவர் ஆற்றல் அவ்விடத்துக்கு ஏற்பத் தானே தாழ்கின்றது. புதியவர் ஒருவரேனும் உடனிருப்பின் அனைவர்க்கும் மிகுபயன் கிடைக்கும். வல்லான் தன் அறிவை மட்டும் கொண்டு, வலியை விட்டுச் செல்கின்றான். கூத்தில் பெருவேடம் கட்டும் ஆசிரியர் பிற வேளையில் பின்பாட்டுக்கு நின்று இளையவனை முன் ஆடவிடும் முறை இதனோடு நெருங்கிய உறவுடையது.

இனி, கூத்துக்கே இன்று வந்திருக்கும் இடர் ஒன்றைச் சுட்டாது விடுதல் இயலாது. நகர அரங்குகளிலும் விழா மேடைகளிலும் விடிய விடிய ஆடும் கூத்து இரண்டு மணி நேரமாகவும், சிலவிடத்து அதனினும் குறைந்தும் சுருக்கப்படுகின்றது. வந்துபோவார்க்கு இது நல்வாய்ப்பு. முன்பின் கூத்தே காணாதார் காண்கின்றனர். கூத்தர்க்கும் ஊதியம் உண்டு. அதனை எவரும் பழித்தல் தகாது. ஆனால் இங்கே சுருக்கத்தோடு மற்றொன்றும் நிகழ்கின்றது. மேடையின் கீழ் அமர்ந்தவர் யாவரும் வந்துபோவாரே ஆகின்றனர். குறை காணும் முதியோர் இல்லை. குழி தோண்டினார் இல்லை. தூங்கி விழும் சிறுவர் இல்லை. கட்டியங்காரன் வினவுவதற்கும் தேவை குன்றுகின்றது; அச்சிட்ட கதைச்சுருக்கம் அவன் வேலையைச் செய்துவிடுகின்றது. கூத்து 'ரெய்டு பைண்டர்' பெற்றுவிட்டது எனலாம். காஞ்சிபுரத்தில் 1990-இல் பெ. இராசகோபால் முதலியோர் அமைத்த கட்டைக்கூத்துச் சங்கம், குறுகிய நிகழ்ச்சிகளோடு முழு இரவுக் கூத்தையும் விடாது பேணி வந்தமை இவ்வகையில் குறிக்கத்தக்கது.

இத்துறையில் புகும் ஆய்வு மாணவர் பெரும்பாலும் ஆட்டத்தையும் பாட்டையுமே பதிவு செய்கின்றனர். ஒலிப்பதிவுக் கருவி மேடையை நோக்கியே திருப்பப்படுகின்றது. பாரத விழா நிகழும் ஓரூரில் ஓர் இரவேனும் அதனைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி வைத்து, எந்த வேளையில் யார் எழுந்து சென்றனர், கட்டியங்காரனின் எந்த வினாவின்போது உறங்கினார் விழித்தனர், வைகறையில் எஞ்சினார் எவர், அவருள் காப்புக் கட்டினார் எத்தனைவர், தபசு மரத்தின் கீழ் எலுமிச்சை பெற்றார் முந்தைய இரவுகளிலும் வந்திருந்தனரா என்பவற்றைக் குறித்தல் வேண்டும். கணிப்பொறி ஆட்டம் நடத்துவோர் தம் மக்களைப் பற்றி இத்தகைய செய்திகளை நாள்தோறும் நாழிகைதோறும் தொகுத்து வைத்திருக்கின்றனர். கூத்தைப் பற்றி நம் பல்கலைக்கழகங்களில் இத்தகைய தொகுப்பு செய்யப்படுமாயின், இரண்டு மணி நேரமாகச் சுருக்கும்போது எவற்றைக் களைகிறோம் என்பதையேனும் அறிந்து களையலாம்.